சம்பளக் கணக்கும் லீவு லெட்டரும்

காமர்ஸ் பாடத்தில் அவுட்சோர்சிங்கின் நன்மைகள் என்று கேட்டால் பதில் தயார்: செலவு குறையும், முக்கியத் தொழிலில் கவனம் கூடும். சரி, மனிதவளத் துறையையே வெளியே கொடுத்தால்?

ஏரியல், டைடு, விக்ஸ் விற்கும் அமெரிக்கக் கம்பெனி பிராக்டர் அண்ட் கேம்பிள் 2003-ல் அதைச் செய்தது. சம்பளப் பட்டுவாடா, ஊழியர் சலுகைகள், பயணச் செலவு போன்ற வேலைகள் ஐ.பி.எம்.மிடம் போயின. பத்து வருட ஒப்பந்தம். மதிப்பு சுமார் 40 கோடி டாலர். அந்த வேலைகளைப் பார்த்துவந்த சுமார் 800 பேரும் ஐ.பி.எம். ஊழியர்களானார்கள். அடுத்தவரின் வேலை விவரங்களைக் கவனித்துவந்தவர்களுக்கே முதலாளி மாறிவிட்டார்!

சம்பளக் கணக்கு எல்லாக் கம்பெனிக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். பல கம்பெனிகளின் கணக்கை ஒரே இடத்தில் போட்டால் செலவு குறையும். இதில் தப்பே இல்லை.

ஆனால் மனிதவளத் துறை என்பது கணக்கு மட்டுமா? அம்மா ஆஸ்பத்திரியில், லீவு தீர்ந்துவிட்டது என்று ஒருவர் தயங்கி நிற்கும்போது, தெரிந்த அதிகாரி என்றால் மேலிடத்தில் பேசி ஏதாவது வழி செய்வார். சேவை மையத்தில் போன் எடுப்பவர் பாவம், என்ன செய்வார்? விதியைச் சொல்லலாம், தளர்த்தும் அதிகாரம் அவருக்கு இல்லை.

எல்லோருக்கும் ஒரே பதில்தான் என்றால் அந்த வேலையை வெளியே கொடுக்கலாம். எதிரில் நிற்பவரின் நிலைமையைக் கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும் என்றால், அது கம்பெனிக்குள்ளேயே இருக்கட்டும்.