மலை உச்சியும் வேலி ஓரமும்

சிறு பிராயத்தில் நமது தேகம் மிகவும் மெலிந்திருந்தது. "தேவாங்காட்ட இருக்கறயே, கண்ணு! இன்னொரு வாய் சாப்பிடு" என்று தாராபுரத்தில் அம்மாயி வற்புறுத்துவாள். தேவாங்கு எப்படி இருக்கும் என்று அப்போது நமக்குத் தெரியாது. ஒரு நாள் சந்தையில் தெரிந்துகொண்டோம். தாயத்து விற்பவன் ஒருவன் உச்சி வெயிலில் அதை ஒரு கோலின்மேல் உட்கார்த்தி வைத்திருந்தான். இரவில் மட்டுமே நடமாடும் அந்தப் பிராணி, வெளிச்சம் தாளாமல் முகத்தைக் கைகளில் புதைத்துக் கொண்டது. "வெட்கப்படுகிறது!" என்று நாம் கைகொட்டிச் சிரித்தோம். அப்பா காசு கொடுத்து நமக்கு ஒரு தாயத்தும் கட்டினார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

தாராபுரத்தின் அமராவதிக்கு ஒரு விசேஷம் உண்டு. அதன் நீர் பிறக்கும் ஆனைமலைத் தொடரின் உச்சிப் புல்வெளிகளில் வரையாடு மேய்கிறது. ஆறு போய்ச் சேரும் கரூர்ச் சீமையில், கடவூர்க் குன்றுகளில், தேவாங்கு வாழ்கிறது. வரையாட்டுக் கடா சுமார் 100 கிலோ தேறும். பாறை விளிம்பில் பட்டப்பகலில் துள்ளி ஓடும். தேவாங்கு கால் கிலோதான். இருட்டில் கிளை கிளையாக ஊர்ந்து பூச்சி பிடிக்கும்.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இரண்டையும் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. ஆயினும் சர்வதேசச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் வரையாடு 'ஆபத்துக்குள்ளானது'. தேவாங்கு 'ஆபத்தை நெருங்கியது'. நம் ராஜ்யத்தின் விலங்கான வரையாட்டுக்கு 2022-இல் 25 கோடியே 14 லட்சம் ரூபாயில் தனித் திட்டம் வகுத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் 11,806 ஹெக்டேர் நிலம் தேவாங்குச் சரணாலயமாயிற்று. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று ஏற்பட்ட முதல் சரணாலயம் அதுதான்!

அப்படியானால் பட்டியலில் இரண்டு படி கீழே இருக்கும் தேவாங்கைப் பற்றிக் கவலை குறைவா? நாம் அவ்விதம் நினைக்கவில்லை. வரையாட்டின் புல்வெளியைத் தேயிலையும் சீகை மரமும் விழுங்கின. நிலத்தை மீட்டுக் கொடுத்து, வேட்டையைத் தடுத்தால் அது பிழைத்துக்கொள்ளும். திறந்த சரிவில் நிற்பதால் எண்ணவும் முடிகிறது. 2025-இல் தமிழ்நாட்டில் 1,303 என்று கணக்கிட்டார்கள். தேவாங்கோ நம் தோட்டத்து வேலி ஓரத்துப் புதரில் இருக்கிறது. புதரை வெட்டுவதும் நாம். ரஸ்தா போட்டு மரத்துக்கு மரம் உள்ள தொடர்பை அறுப்பதும் நாம். மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் என்று அதைப் பிடிப்பவனுக்குக் காசு கொடுப்பதும் நாமேதான். மலை உச்சியைச் சர்க்கார் காவல் காக்கலாம். ஒவ்வொரு வீட்டு மூட நம்பிக்கைக்கும் யார் காவல் போடுவது?

சென்ற மாதம் பழைய பெட்டியில் அந்தத் தாயத்து அகப்பட்டது. பேரன், "இது எதற்கு, தாத்தா?" என்று கேட்டான். சந்தைக் கதையை ஒளிக்காமல் சொன்னோம். அவன் சிரிக்கவில்லை. "பாவம், அதற்குக் கண் கூசியிருக்கும்" என்றான். நமக்கு அன்று தோன்றாதது அவனுக்குத் தோன்றிவிட்டது. அவன் இருக்கும் வீட்டில் இனி யாரும் தாயத்து வாங்கமாட்டார்கள்.