சிறு பேனாவும் தாயெழுத்தும்

பொருள்களுள் சில, வாங்கிய அன்று மட்டுமே மகிழ்வு தருவன. சில, கையாளுந்தோறும் மகிழ்வு தருவன. மைப்பேனா இரண்டாம் இனத்தைச் சேர்ந்தது. கொல்கத்தாவில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நமக்கு இதனை உணர்த்தியது, மூடியோடு சேர்த்தே நான்கரை அங்குலமுள்ள பழைய ஷீஃபர் பேனா ஒன்று.

பழம்பொருள் வணிகர் ஒருவரிடம் அதனை வாங்கினோம். விலையைக் கேட்டு நம் இல்லத்தரசியார் புருவத்தை உயர்த்தியது உண்மையே. பேனாவின் பக்கத்தில் சிறு நெம்புகோல் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டு அயோவாவைச் சேர்ந்த நகை வணிகர் வால்ட்டர் ஷீஃபர் 1908இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நெம்புகோலைத் தூக்கினால் உள்ளிருக்கும் ரப்பர்ப் பை அமுங்கிக் காற்று வெளியேறும். விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். நம் பேனாவிலோ பை இறுகி நொறுங்கிக் கிடந்தது. பழுது பார்ப்பவர் புதிய பையை அரக்கிட்டு ஒட்டித் தந்தார். தங்க நிப்பை அவர் தொடவே இல்லை. “இது நம் எல்லோரையும்விட நெடுநாள் எழுதும்” என்றார் வங்காளத்தில்.

மைக்கு நாம் அலையவில்லை. சுதேசி உணர்வில் 1934இல் தோன்றிய ‘சுலேகா’ மை இந்நகருக்குரியது. யாதவ்பூரில் அப்பெயரால் ஓரிடமே வழங்குகிறது. 1980களின் இறுதியில் மூடப்பட்ட அத்தொழிற்சாலை 2006இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2020இல் பேனா மையும் திரும்ப வந்தது. சுலேகா என்னும் சொல்லுக்கு நல்லெழுத்து என்பது பொருள்.

பந்துமுனைப் பேனாவை அழுத்தவேண்டும். இதனையோ தாளின்மீது வைத்தாலே போதும், மை தானே இறங்கும். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியதனாலேயே நம் எழுத்துகள் வளைந்தன என்பர். அவ்வளைவுகளில் இந்நிப்பு வழுக்கிச் செல்லும் இன்பத்தை எழுதியவரே அறிவர். ‘ழ’கரத்தின் சுழியை முடித்தபின் ஈரம் உலரும்வரை பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றும்.

நம் மகள் பள்ளியில் வங்காளமும் ஆங்கிலமும் கற்பவள். தமிழ் பேசுவாள், தஞ்சையிலுள்ள பாட்டிக்குக் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தால் அனுப்புவாள். பாட்டிக்கோ அவ்வெழுத்துத் தெரியாது. அடுத்த வீட்டார் படித்துச் சொல்லவேண்டும். பேத்தியின் சொல் பிறர் வாய்வழியே அவரை அடைவது நம் நெஞ்சை உறுத்தியதுண்டு.

சிறிய பேனா சிறுமியின் விரல்களுக்குப் பொருந்திற்று. மையின் நீலத்தில் மயங்கியவள், “எனக்கும் தாருங்கள் அப்பா” என்றாள். ‘அ’வில் தொடங்கினோம். மூன்று திங்களில் ஓர் உள்நாட்டுக் கடிதத்தின் பாதியை நிரப்பினாள். ‘ண’வுக்குச் சுழி ஒன்று கூடியிருந்தது. திருத்தாமலே அஞ்சலில் சேர்த்தோம்.

பத்தாம் நாள் பதில் வந்தது, நடுங்கும் கையெழுத்தில், பேத்தியின் பெயருக்கே. அவள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தானே முழுவதும் படித்தாள். நாம் அருகிலிருந்தும் உதவவில்லை.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பெட்டிகளின் அடியிலும் தாத்தாவின் பேனா ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். எடுத்து வெதுவெதுப்பான நீரில் கழுவிப் பாருங்கள்.