அரிசியில் போடாதே!

கலிஃபோர்னியா போய் வந்தேன் என்றதும் ஆபீஸில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: "கோல்டன் கேட் பார்த்தியா?"

பார்த்தேன் ஸார். சிவப்பாக, நீளமாக, பாதி உடம்பு பனிக்குள் காணாமல் போய் நின்றது. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

கம்பெனி என்னை ஆறு வாரத்துக்கு சன்னிவேல் அனுப்பியிருந்தது. வார நாளில் வேலை. சனி, ஞாயிறில் துணி துவைப்பதும், சாம்பார் என்ற பெயரில் எதையோ கொதிக்க வைப்பதும். நாலாவது சனிக்கிழமை தனிமை தாங்காமல் கால்ட்ரெய்ன் ஏறி மென்லோ பார்க்கில் இறங்கினேன். பெரிய பெரிய மரங்கள், அழகான வீடுகள், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எங்கள் குரோம்பேட்டையில் ஊரடங்கு போட்டால்கூட இதைவிட நாலு பேர் கூடுதலாகத் தெரிவார்கள்.

இந்த ஊருக்கு ஏன் போனேன் என்றால், ஒரு கார் ஷெட்டுக்காக. 1975 மார்ச் 5-ம் தேதி இங்கே கார்டன் ஃப்ரெஞ்ச் என்பவர் வீட்டு கார் ஷெட்டில் முப்பது சொச்சம் பேர் கூடினார்கள். ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் அப்போதுதான் வந்திருந்தது. கம்ப்யூட்டர் என்றதும் திரை, கீபோர்டு என்றெல்லாம் கற்பனை செய்து விடாதீர்கள். ஒரு பெட்டி. முன்பக்கம் வரிசையாக ஸ்விட்சுகள், குட்டிக் குட்டி விளக்குகள். மெமரி 256 பைட். நீங்கள் இப்போது படிக்கிற இந்தப் பாரா அதில் கொள்ளாது! உதிரி பாகங்களாக வரும். நாமே பற்ற வைத்துப் பூட்டிக் கொள்ள வேண்டும். சரி, பூட்டியாச்சு, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்ல வேண்டியதுதான். அப்படிப் பிறந்தது ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்.

அந்த முதல் கூட்டத்துக்கு வந்த ஆசாமிகளில் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். பிற்பாடு ஆப்பிள்-1 கம்ப்யூட்டரை உருவாக்கி, அதன் சர்க்யூட் படத்தை நகலெடுத்து கிளப்பில் சும்மாவே கொடுத்தார். இன்னொருவர் ஸ்டீவ் டாம்ப்பியர். ஆல்டேர் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்து, மெஷின் கிளப்பும் கரகர இரைச்சலையே பாட்டாக்கிக் காட்டினார். 1976-ல் பில் கேட்ஸ் இந்த மாதிரி ஆர்வலர்களுக்கெல்லாம் ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். 'எங்கள் பேஸிக் புரோகிராமைக் காசு கொடுக்காமல் காப்பி அடிக்கிறீர்களே' என்று. நியாயமான கோபம்தான். நம்மூரில் பிறந்திருந்தால் வாழ்நாள் முழுக்கக் கடிதமே எழுதிக் கொண்டிருந்திருப்பார்.

கூட்டம் பெருத்து, ஸ்டான்ஃபோர்டின் லீனியர் ஆக்ஸிலரேட்டர் மையத்து ஆடிட்டோரியத்துக்கு மாறியது. லீ ஃபெல்சன்ஸ்டீன் என்பவர் நடத்துவார். யார் வேண்டுமானாலும் எழுந்து, தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன தெரிய வேண்டும் என்று சொல்லலாம். அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் தேடிப் பிடித்துப் பேசிக்கொள்ள வேண்டியது. 1986-ல் கிளப்பை மூடிவிட்டார்கள்.

அந்த கார் ஷெட்டை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. யாரோ குடியிருக்கிற வீட்டை எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று தோன்றியது. தவிர, எனக்கு அவசரமாக பாத்ரூம் போக வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் வேறொரு ஊரில் இறங்கி, பொது நூலகத்துக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு நோட்டீஸ். 'கம்ப்யூட்டர் கிளப் கூட்டம். மாலை 2 மணி. யாரும் வரலாம். காபி உண்டு.'

கடைசி வரிதான் என்னை உள்ளே தள்ளியது.

பதினெட்டுப் பேர். என்னைத் தவிர அத்தனை பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு பாட்டி போனில் எதையோ டைப் அடித்துத் தப்பாகிப் போய், திருத்த முடியாமல் திணறினாள். பக்கத்து வழுக்கைத் தலைக்காரர், "ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு விரலை நகர்த்துங்க" என்றார். கர்ஸர் சமர்த்தாக எழுத்துக்கு எழுத்து நகர்ந்தது. பத்து வருஷமாக ஸாஃப்ட்வேரில் குப்பை கொட்டுகிற எனக்கு அது தெரியாது. யாரும் பார்க்காதபோது என் போனில் செய்து பார்த்துக் கொண்டேன்.

இன்னொருவர் போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு அரிசி மூட்டைக்குள் புதைத்தாராம். "அரிசியில போடாதே!" என்று நாலு குரல் ஒரே நேரத்தில். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்று ஆப்பிள் கம்பெனியே சொல்கிறதாம். எங்கள் வீட்டு அரிசி டின்னில் இதுவரை மூன்று போன்கள் ஊறியிருக்கின்றன.

நடத்துகிற அம்மாள் என்னைப் பார்த்தாள். "உனக்கு என்ன கேள்வி, தம்பி?" (தம்பி என்பது என் மொழிபெயர்ப்பு.)

கேள்வி ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு. தபால் ஆபீஸ் ரிடையர்டு. 'போன் நிரம்பிடுச்சுன்னு காட்டுதுடா, என்ன பண்றது?' என்று மூன்று தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை நான் மீட்டிங்கில் இருந்தேன். "எத்தனை வாட்டிப்பா சொல்றது? வேண்டாததை அழிங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அவர் அழித்தார். அம்மா போட்டோக்களும் சேர்ந்து போய்விட்டன. அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. "போனா போவுது விடு" என்றார் அப்பா. அப்புறம் போனைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எத்தனை நாள் ஆச்சு?"

"இருபத்தோரு நாள்."

"கூகுள் போட்டோஸா? பின்னுன்னு ஒண்ணு இருக்கும், குப்பைத் தொட்டி. பேக்கப் ஆகியிருந்தா அறுபது நாள் கிடக்கும். இல்லேன்னா முப்பது. இன்னிக்கே பாரு."

தெரிந்த சமாசாரம்தான். ஆனால் அன்றைக்கு அப்பா கேட்டபோது ஒரு நிமிஷம் நின்று நான் யோசிக்கவில்லை.

மணி இரண்டரை. ஊரில் விடிகாலை மூன்று. சாயந்தரம் ஆறு மணி வரை அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"அப்பா, போட்டோஸ் ஆப்பைத் திறங்க."

"வேண்டாம்டா. நான் ஏதாவது அமுக்கி இருக்கறதும் போயிடும்."

"போகாது. நான் லைன்லயே இருக்கேன். மெதுவா..."

நாற்பது நிமிஷம். தப்பான இடத்துக்கு ஏழு தடவை போனார். எட்டாவது தடவை சத்தமே இல்லை.

"என்னப்பா ஆச்சு?"

"உங்கம்மா... மாங்கா ஊறுகாய் போட்டுக்கிட்டிருக்கா."

தொண்ணூற்றேழு படங்கள் திரும்பி வந்தன. வாட்ஸப்பில் அம்மா அனுப்பியிருந்த பதினோரு செகண்ட் குரல், 'வர்றப்போ கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க', அது மட்டும் வரவில்லை. எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் பார்த்தாயிற்று. "பரவால்லடா" என்றார். அவர் சொன்ன விதத்தில் பரவாயில்லாமல் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டேன். பின்னால் ஏதோ சந்தை இரைச்சல்.

"எங்கேப்பா இருக்கீங்க?"

"பார்க்குல. நம்ம மாடி வீட்டுக்காரருக்கு பேரன் போட்டோ போயிடுச்சாம், எடுத்துக் குடுத்தேன். அதைப் பார்த்துட்டு இன்னும் மூணு பேர் போனோட நிக்கறாங்க. ஒருத்தர் அரிசி டின்னுலேர்ந்து எடுத்துக்கிட்டு வந்திருக்கார். வெச்சுடறேன், அப்புறம் பேசு!"