சமையற்கட்டில் ஒரு யந்திரசாலை

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகத்தில், ஒரு காலத்தில் மாணவர்களுக்கு உணவு சமைத்தனுப்பிய பெரிய சமையற்கட்டு ஒன்று இருந்தது. அங்கிருந்த அடுப்புகளை அப்புறப்படுத்தி, கடைசல் யந்திரங்களையும் ரம்பங்களையும் கொண்டுவந்து நிறுத்தி, பொறியியல் மாணவர்கள் தங்கள் கற்பனைக்குக் கைகால் கொடுத்துப் பார்க்கும் சாலையாக அதை 2009-ஆம் ஆண்டில் மாற்றியபோது, பழைய உறவை அடியோடு அறுத்துவிட மனம் வரவில்லை போலும். 'ஓஷ்மன் பொறியியல் வடிவமைப்புச் சமையலறை' என்றே நாமகரணம் செய்துவிட்டார்கள். உத்தியோக நிமித்தம் அவ்வூரில் வசிக்கும் என் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, அதற்குள் நுழைந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளுக்கு உதவும் வைத்தியச் சாதனம் ஒன்றைச் செய்து காட்டும்படி, அப்பல்கலைக்கழகத்தின் 'ரைஸ் 360' என்னும் உலக சுகாதார நிலையம் இளங்கலை மாணவர் குழுக்களுக்கு ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறது. நான் போனது போட்டிக்கு முந்தின நாள்.

கல்யாண வீட்டுக் கோட்டையடுப்புப் பக்கம் முகூர்த்தத்துக்கு முந்தின இரவில் நிலவும் பரபரப்பு அங்கே நிலவிற்று. அறுத்துப் போட்ட பிளாஸ்டிக் குழாய்கள், ஈயப் பற்றின் புகை, பாதி தின்றபடி மறந்துபோன ரொட்டி, இவற்றினிடையே கண்ணுக்குக் கவசமணிந்த பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசக்கூட அவகாசமின்றி உழைத்துக்கொண்டிருந்தார்கள். சாலைக்குப் பொறுப்பாளரான நரைத்த மீசைக்காரர் ஒருவர், திறந்த செருப்போடு ரம்பத்தருகே வந்த பெண்ணொருத்தியை ஒரு வார்த்தையும் பேசாமல் விரலாலேயே வாசலைக் காட்டித் திருப்பி அனுப்பினார். அவள் பாதரக்ஷை மாற்றிக்கொண்டு வந்து, சுருள்வில்லொன்றைப் பொருத்தத் தொடங்கினாள்.

பிரசவ காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்புக் கண்ட தாய்க்கு மக்னீசியம் சல்பேட் என்னும் மருந்தை 24 மணி நேரம் சீராகச் செலுத்தவேண்டும். அதற்கான மின்சாரப் பம்பு எல்லா ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படியாவதில்லை. ஆகவே, வில்லின் விசையே ஊசிக்குழாயை மெல்ல மெல்லத் தள்ளும்படி ஒரு பெட்டியை அவள் குழுவினர் செய்திருந்தார்கள். மேஜைக்கடியில் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியைச் சுட்டி, "முன்னே செய்து பார்த்தவை" என்றாள். எட்டுப் பெட்டிகள் கிடந்தன. முதலாவது வெறும் காகித அட்டை.

இத்தகைய காகித அட்டைகளைக் கண்டு நகைப்பவர்கள் இதே சாலையில் உருவான 'பூமானி' என்னும் சிசுக்களுக்கான சுவாசக் கருவியின் சரித்திரத்தை அறியாதவர்கள். குறைமாதத்தில் பிறந்த சிசுவின் நுரையீரலில் காற்றறைகளை விரித்து வைக்கும் வழுவழுப்பான திரவம் போதிய அளவு சுரந்திருப்பதில்லை. ஆதலால் மூச்சை விடுந்தோறும் அறைகள் ஒட்டிக்கொள்ள, ஒவ்வொரு மூச்சையும் புது பலூனை முதன்முதல் ஊதுகிறவனைப்போல் பிரயாசைப்பட்டு இழுத்து, அந்தச் சின்னஞ்சிறு ஜீவன் களைத்துப்போகிறது. மூக்கின் வழியே காற்றை இடைவிடாமல் சிறிது அழுத்தத்தோடு செலுத்தினால் அறைகள் மூடிக்கொள்ளா. பப்பாளித் தண்டைக் குவளை நீரில் அமிழ்த்திக் குமிழி விட்டு விளையாடியவர்களுக்கு இதன் தத்துவம் புதிதல்ல: காற்று வெளியேறும் குழாயின் நுனியை 6 சென்டிமீட்டர் ஆழத்தில் நீருக்குள் வைத்தால், அந்த 6 சென்டிமீட்டர் நீரின் அழுத்தமே சிசுவின் மார்புக்குள்ளும் நிற்கும். 2010-ஆம் ஆண்டு வாக்கில் இந்தச் சமையற்கட்டின் மாணவர்கள், வண்ணமீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் பம்புகளைப் பாதரக்ஷை வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பொருத்தி இதைச் செய்து பார்த்தார்கள். அப்பெட்டி திருந்தித் திருந்தி ஆப்பிரிக்காவின் மலாவி தேசத்துக்குப் போயிற்று. அங்கே பிளான்டயர் நகரத்து ராணி எலிசபெத் மத்திய ஆஸ்பத்திரியில் நடந்த பரீட்சையில், வெறும் பிராணவாயு மட்டும் பெற்ற சிசுக்களில் நூற்றுக்கு 44 பிழைக்க, இதன் துணை பெற்றவற்றில் நூற்றுக்கு 71 பிழைத்தன. இம்மாணவர்களை வழிநடத்திய ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம், மரியா ஓடன் என்ற ஆசிரியைமார் இருவரும், 2013-இல் தங்களுக்குக் கிடைத்த லெமல்சன்-எம்.ஐ.டி. பரிசுத் தொகையான லட்சம் டாலரை அந்த ஆஸ்பத்திரியின் சிசுப் பிரிவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் போட்டி. பேச்சைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. திரையில் படங்கள் மின்ன, மனப்பாடம் செய்த வாக்கியங்களை நிமிஷக் கணக்கில் ஒப்பித்தார்கள், சிலர் வியாபாரிகளின் தோரணையில் சந்தை மதிப்பைக்கூடக் கூறினார்கள். எனக்கு அது ரசிக்கவில்லை. பேச்சு முடிந்து சாதனங்களை மேஜைமேல் பரப்பி வைத்து நின்றபோதுதான் மெய்யான பரீட்சை ஆரம்பித்தது. நடுவர்களில் ஒருவர் பல ஆண்டுகள் பிரசவப் பிரிவில் பணிபுரிந்த தாதி. அவர் கணக்கையும் வரைபடத்தையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. சுருள்வில் பெட்டியைத் தூக்கினார், கவிழ்த்தார், மூலையை நகத்தால் சுரண்டினார். பிறகு, "ரத்தம் தெறித்தால் இதை எதனால் துடைப்பேன்?" என்று கேட்டார்.

அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் பதில் தயாராக வைத்திருந்த நான்கு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெளுப்பு நீரால் துடைக்கலாம் என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "துடைத்துப் பார்த்தாயா?" என்றார் தாதி. அவள் பொய் சொல்லவில்லை. அவரும் கடிந்துகொள்ளாமல், இரவில் ஒருத்தியே முப்பது நாற்பது படுக்கைகளைப் பார்த்துக்கொள்ள நேரும் இடங்களில் கை எப்படி ஓடும் என்பதைப் பெட்டியைப் பிடித்தபடியே நடித்துக் காட்டிவிட்டு, அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். எத்தனையோ விரிவுரைகளைக் கேட்டவன் நான். அந்த அரை நிமிஷ நடிப்புக்கு ஈடாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பரிசு வேறொரு குழுவுக்குப் போயிற்று, தகுதியான குழுதான். மாலையில், மறந்துவிட்டுவந்த என் குடையை எடுக்கச் சமையற்கட்டுக்குத் திரும்பினேன். விளக்கொன்றே எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண், எங்கிருந்தோ வாங்கிவந்த வெளுப்பு நீரில் துணியை நனைத்து, தன் பெட்டியை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று பக்கவாட்டில் கறுப்பு மையால் எழுதியிருந்த எண்கள் ஒவ்வொன்றாகத் துணியோடு வந்துவிட்டன. அவள் துணியைப் புரட்டிப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு மேஜையறையைத் துழாவி, கூரிய ஆணியொன்றைத் தேடியெடுத்து, முதல் எண்ணை பிளாஸ்டிக்கில் செதுக்க ஆரம்பித்தாள்.