கல்யாண மண்டபத்துல கிடைச்ச கணக்கு!

ஊட்டிக்கு டூர் போனா பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், வர்க்கி... இதோட திரும்பிடுறீங்களா? முத்தோரையையும் ஞாபகம் வச்சுக்கங்க. அங்கே மலைச்சரிவுல 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ டெலஸ்கோப் படுத்திருக்கு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில கட்டி, 1970-ல முடிச்சது. அதுல வரிசையா 1056 டைபோல் ஆன்டெனாக்கள்!

கோவையில ஃபைனல் இயர் இ.சி.இ. படிச்சப்போ, ப்ராஜெக்ட்டுக்கு அந்த 1056 மேல ஆசைப்பட்டேன். ஒரு ஆன்டெனா மேல அலை பட்டா, கொஞ்சத்தை அது திருப்பிச் சிதறடிக்கும். அது பக்கத்து ஆன்டெனா மேல படும். அதுவும் சிதறடிக்கும். ஆக, ஒவ்வொண்ணுக்கும் மத்த எல்லாத்தோடயும் கணக்கு வழக்கு இருக்கு! இதைப் போட 'மெத்தட் ஆஃப் மொமென்ட்ஸ்'னு ஒரு வழி. ஹாரிங்டன் 1968-லயே இதுக்குப் புத்தகம் எழுதிட்டார். ஆன்டெனாவைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுலயும் ஓடுற கரன்ட்டைக் கண்டுபிடிக்கணும்.

டைபோலுக்கு 10 துண்டுன்னா மொத்தம் 10,560. மேட்ரிக்ஸுல 11 கோடிக்கு மேல எண்கள்! அதை வைக்க மட்டுமே சுமார் 1.8 ஜி.பி. மெமரி. என் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புல இருந்ததே 2 ஜி.பி. தான். ரன் கொடுத்தேன். 'அவுட் ஆஃப் மெமரி'!

"காந்திபுரத்துல ரெடிமேடாவே ப்ராஜெக்ட் கிடைக்குதுடா, பத்தாயிரம்தான்"னான் ரூம்மேட். அப்பா சோமனூர்ல கூலிக்குத் தறி ஓட்டுறவர். கேட்டா, கடன் வாங்கியாவது கொடுத்துடுவார். போன் போட்டேன். "சாப்ட்டியா சாமி?"ன்னார். பின்னாடி தறிச் சத்தம். பணம் கேட்க வாய் வரலை.

அந்த வாரம் அவிநாசியில சொந்தக்காரங்க கல்யாணம். மண்டபத்துல ஆயிரம் பேர். எல்லாரும் எல்லாரையும் நலம் விசாரிக்கணும்னா, கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் விசாரிப்பு! அம்மா என்ன பண்ணினாங்க தெரியுமா? பக்கத்துல இருந்த சொந்தங்ககிட்ட நேராப் பேசினாங்க. தூரத்து ஊர்க்காரங்களுக்கு, அந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர்கிட்ட, "எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க"ன்னுட்டாங்க. பளிச்னு பிடிபட்டுச்சு!

கைடுகிட்ட ஓடினேன். சிரிச்சார். "தம்பி, கிரீன்கார்டும் ரோக்லினும் 1987-லயே இதைச் செஞ்சுட்டாங்க. பேரு ஃபாஸ்ட் மல்டிபோல் மெத்தட். அப்புறம் அலைகளுக்கும் அதைக் கொண்டு வந்தாச்சு." கிட்ட இருக்கிறதுக்கு நேரடிக் கணக்கு, எட்ட இருக்கிறதுக்குக் கூட்டமாக் கணக்கு. முழு மேட்ரிக்ஸையும் மெமரியில வைக்கவே வேண்டாம்.

முதல்ல 64 டைபோலுக்கு ரெண்டு வழியிலயும் போட்டுப் பார்த்தேன். ஒத்துப்போச்சு. அப்புறம் 1056! ராத்திரி ரன் கொடுத்துட்டுப் படுத்தேன். காலையில விடை.

வைவாவுல எக்ஸ்டெர்னல் கேட்ட முதல் கேள்வியே, "ரிஃப்ளெக்டரைச் சேர்த்தியா?" டெலஸ்கோப்புல அலையை ஆன்டெனாவுக்குத் திருப்பி விடுறது 1100 ஸ்டீல் கம்பிகள். நான் அதைத் தொடவே இல்லை. "இல்லைங்க சார்... ஆன்டெனா வரிசை மட்டும்தான்." மார்க் போச்சுன்னு நினைச்சேன். "எது இல்லைன்னு தெரிஞ்சு வச்சிருக்கியே, அது போதும்"னார். ரெடிமேட் வாங்கியிருந்தா, அந்தக் கேள்வியே எனக்குப் புரிஞ்சிருக்காது.

உங்க ப்ராஜெக்ட்டும் மாட்டிக்கிட்டு நிக்குதா? வீட்டுல பணம் கேட்கிறதுக்கு முன்னாடி, ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வாங்க பாஸ்!