உப்பு நீர் காய்ந்த பக்கங்கள்

2010 ஆகஸ்ட் 24 அன்று 'மாக்கிங்ஜே' வெளிவந்தது. அமெரிக்கப் புத்தகக் கடைகள் சில, நள்ளிரவிலேயே கதவைத் திறந்து பிள்ளைகளை வரவேற்றன. 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இல், 'கேட்சிங் ஃபயர்' 2009இல், இப்போது கடைசிப் பாகம். ஆண்டுக்கு ஒரு புத்தகம் என்று காத்திருந்த அந்தக் காலத்தை நினைத்தால் இன்றும் மனம் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. நாயகி காட்னிஸுக்குப் பீட்டாவா, கேலா என்று தோழிகளுக்குள் கட்சி பிரிந்து பேசிய மாலைகள்! ஒருத்தி வாங்கினால் போதும், கைமாறிக் கைமாறி எல்லோரும் படித்துவிடுவோம்.

எங்களுக்கு வேண்டியிருந்தது வெற்றி. பிள்ளைகளைக் களத்தில் ஒருவரையொருவர் கொல்லவிட்டு வேடிக்கை பார்க்கும் தலைநகரம் கேபிடல் விழ வேண்டும், அதன் அதிபர் ஸ்னோ ஒழிய வேண்டும். ஆசிரியர் சூசன் காலின்ஸ் அதைத் தந்தார். ஆனால் கொண்டாட விடவில்லை. காட்னிஸின் ஊரான 12ஆம் மாவட்டம் சாம்பலாகிவிட்டது. அடைக்கலம் கொடுத்த 13ஆம் மாவட்டமோ நிலத்துக்கடியில் இயங்கும் ஒரு பட்டாளம்; தினமும் காலையில் அன்றைய வேலை அட்டவணையைக் கையிலேயே மையால் அச்சடித்து அனுப்பும் இடம். கடைசியில் குழந்தைகள் நடுவே பாராசூட்டுகள் இறங்குகின்றன. முதலில் சில வெடிக்கின்றன. காயம்பட்டவர்களைத் தூக்க மருத்துவர்கள் ஓடிவந்த பிறகு மீதியும் வெடிக்கின்றன. ஓடிவந்தவர்களில் ஒருத்தி பிரிம். எந்தத் தங்கைக்குப் பதிலாகக் காட்னிஸ் முதல் பாகத்தில் அந்தப் போட்டிக்கு முன்வந்தாளோ, அவளே.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அழுதது நான் மட்டுமல்ல. காலின்ஸின் அப்பா விமானப் படையில் இருந்தவர். மகள் சின்னப் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது வியட்நாம் போருக்குப் போனவர். அப்பா போயிருந்த அந்த ஓராண்டைப் பற்றி 2013இல் 'இயர் ஆஃப் தி ஜங்கிள்' என்று ஒரு படப் புத்தகமே எழுதினார் காலின்ஸ். அதைப் படித்தவர்களுக்கு, பிரிமைக் காப்பாற்றாமல் விட்டதில் இருக்கும் நேர்மை விளங்கும்.

படமாக்கியபோது கடைசிப் பாகத்தை இரண்டாக வெட்டி 2014இலும் 2015இலும் வெளியிட்டார்கள். அவ்வளவு இழுவை அதற்குத் தேவையே இல்லை. ஆனாலும் இரண்டாம் படத்தின் முடிவில் வரும் ஒரு கடிதத்துக்காக அதை மறுபடி பார்ப்பேன். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான ப்ளூடார்க்காக நடித்த பிலிப் சீமோர் ஹாஃப்மன் 2014 பிப்ரவரி 2 அன்று இறந்துபோனார், சில காட்சிகள் மிச்சமிருக்கையிலேயே. கணினியில் அவரை உருவாக்கிப் பேசவைக்க இயக்குநர் பிரான்சிஸ் லாரன்ஸ் விரும்பவில்லை. ப்ளூடார்க் நேரில் சொல்ல வேண்டியது கடிதமாயிற்று. காட்னிஸின் வழிகாட்டி ஹேமிட்சாக நடித்த வுடி ஹாரெல்சன் அதைப் படித்துக் காட்டுகிறார். ஸ்னோவாக வந்து நடுங்கவைத்த டொனால்ட் சதர்லண்டும் 2024இல் போய்விட்டார்.

இப்போது 'மாக்கிங்ஜே'யை எடுத்தால் நான் தேடிப் போவது சண்டைகளை அல்ல, கடைசி அத்தியாயத்தை. ஊர் திரும்பிய காட்னிஸ், தன் வீட்டிலிருந்த செடிகொடிப் புத்தகத்தைப் போலவே இறந்தவர்களுக்கென்று ஒன்று தொடங்குகிறாள். பீட்டா வரைகிறான், அவள் எழுதுகிறாள். பிரிமின் கன்னத்தை நக்கும் ஆடு, அப்பாவின் சிரிப்பு, தோழன் ஃபின்னிக்கின் கண்ணின் நிறம். மறக்கக் கூடாதது எதுவும் விடுபடுவதில்லை. பக்கங்களின் மேல் உப்பு நீர் காய்கிறது. பிறகு ஹேமிட்சும் வந்து சேர்ந்துகொள்கிறார், தாம் பழக்கி அனுப்பிச் சாகக் கொடுத்த 23 ஆண்டுப் பிள்ளைகளோடு. பெயர்களைக்கூடச் சொல்லாமல் ஒரே வரியில் காலின்ஸ் கடந்துபோகிற இடம் அது. இத்தனை காலத்தில் என்னை அதிகம் படுத்திய வரியும் அதுதான். அந்த மனிதர் எத்தனை இரவுகள் அந்தப் பெயர்களை மதுவில் கரைக்கப் பார்த்திருப்பார்!

2025 மார்ச்சில் 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' வந்தது. ஹேமிட்சே களத்தில் நின்ற 50ஆம் போட்டியின் கதை. தோழிகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். ஆளுக்கொரு பிரதி வாங்கினோம். அவரோடு அந்த ஆண்டு 12ஆம் மாவட்டத்திலிருந்து போன மூன்று பேரில் மேசிலியை மட்டும்தான் முன்பே தெரியும். மற்ற இருவரையும் இப்போதுதான் சந்தித்தோம்: எதையும் பந்தயக் கணக்காகவே பார்க்கும் வயட், பக்கத்து வீட்டுச் சிறுமி லூயெல்லா. லூயெல்லாவுக்கு 13 வயது. களத்தின் வாசலைக்கூட அவள் பார்க்கவில்லை.