சங்கிலியின் மறுமுனை

"இனம் பார்த்து நாயைத் தடை செய்வதா? பிறப்பை வைத்து ஓர் உயிரை ஒதுக்கும் வருணாசிரமம் அல்லவா அது!" என்று படிப்பக நண்பர் ஒருவர் அண்மையில் முழங்கினார். கைதட்டல் எழுந்தது. நான் தட்டவில்லை. சொல் இனித்தது, பொருள் கசந்தது.

மனிதரிடையே பிறப்பால் பேதம் என்பது பொய். ஏட்டிலே எழுதி, கோயில் வாயிலிலே நிறுத்தி, குளத்தங்கரையிலே காவல் வைத்துக் காப்பாற்றப்பட்ட பொய். அந்தப் பொய்யைத் தகர்க்கப் பிறந்த சொல்லை எடுத்து நாய்க்கு வாதாடுவது, ஒடுக்கப்பட்டோர் பட்ட பாட்டைச் சிறுமைப்படுத்துவதாகும். நாயின் இனமோ மனிதனின் கைவேலை! ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்கள் மாடுகளை ஓட்டவும் வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய்தான் ராட்வைலர். இங்கிலாந்திலே, கட்டிப்போட்ட காளையின்மீது நாயை ஏவி, அது கதறக் கண்டு களித்தனர். 1835ஆம் ஆண்டு அந்த 'விளையாட்டை'ச் சட்டம் தடுத்தது. விட்டார்களா? நாயோடு நாயை மோதவிட்டு மகிழ்ந்தனர். இன்றைய பிட்புல்லின் முன்னோர் அந்தக் குருதிக் களத்திலே பொறுக்கி எடுக்கப்பட்டவை. அந்தத் தாடையின் வலிமை உண்மை. அதைக் குழைந்து பேசி மறைக்க முடியாது.

அப்படியானால் பட்டியல் போட்டுத் தடுத்துவிடலாமே என்பீர்கள். அங்கேதான் அறிவியல் குறுக்கிடுகிறது. 2022ஆம் ஆண்டு 'சயின்ஸ்' ஏட்டிலே வெளியான ஆய்வொன்று, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை வளர்ப்போரிடம் கேட்டறிந்தது. அவற்றுள் 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் ஆராய்ந்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில், இனத்தைக்கொண்டு விளக்கக் கூடியது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே! கடித்தால் காயம் எவ்வளவு ஆழம் என்பதை நாயின் உடற்கட்டு சொல்லும். என்றைக்குக் கடிக்கும், யாரைக் கடிக்கும் என்பதை இனப்பெயர் சொல்லாது.

இங்கிலாந்து 1991இல் நான்கு வகை நாய்களைத் தடுத்தது. சட்டத்தில் பெயர் இருந்தது; சந்தையில் புதிய பெயர் முளைத்தது. எக்ஸ்எல் புல்லி என்ற பருத்த நாயையும் அந்தப் பட்டியலிலே சேர்க்கும் நிலை 2023ஆம் ஆண்டு இறுதியில் வந்து சேர்ந்தது. பட்டியல் ஓடுகிறது, வணிகன் அதற்கு முன்னே ஓடுகிறான்! நெதர்லாந்தோ 1993இல் தடை போட்டு, கடிபடுவோர் தொகை குறையாதது கண்டு, 2008இல் தடையைக் கைவிட முடிவு செய்தது.

நம் நாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. 2024 மார்ச்சு 12ஆம் நாள் ஒன்றிய அரசு 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு மடல் எழுதிற்று. உரியோரைக் கலக்காமல் எழுதியது செல்லாது என்று ஏப்ரலிலே கருநாடக உயர்நீதிமன்றம் தள்ளிற்று. மே மாதம், சென்னைப் பூங்கா ஒன்றிலே, அவிழ்த்துவிடப்பட்ட இரண்டு ராட்வைலர்கள் ஓர் 5 வயதுச் சிறுமியைக் குதறின. யார் அந்தக் குழந்தை? அந்தப் பூங்காவையே காவல் காத்துப் பிழைத்தவரின் மகள்! உடனே இங்கும் ஒரு தடை ஆணை. அது வந்த வேகத்திலேயே நிறுத்தியும் வைக்கப்பட்டது.

என் வகுப்பிலே ஒரு மாணவன், விடியுமுன் வீடுவீடாக நாளிதழ் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருபவன். எந்த மாளிகையில் எந்த நாய் என்பது அவனுக்கு மனப்பாடம்; இனப்பெயர் ஒன்றும் தெரியாது. "மூன்றாம் வீட்டுக் கறுப்பு நல்லதுதான், ஐயா. அதற்குச் சோறு வைக்கிற வேலைக்காரர் ஊருக்குப் போய்விட்டால்தான் பயம். அன்றைக்கு எதிர்ச் சாரியில் நின்றே தாளை வீசிவிடுவேன்" என்றான். வாங்கியவர் ஒருவர், வளர்ப்பவர் ஒருவர், கடிபடுபவன் மூன்றாமவன்! 23 பெயரடங்கிய பட்டியலில் இல்லாத விவரம் இந்தச் சிறுவனிடம் இருந்தது. அந்த வீட்டு வாயிலிலே 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பலகை தொங்குகிறதாம். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவன் நாயின் உடைமையாளன் அல்லவாம், தெருவிலே செல்கிறவனாம்! என்ன நீதி!

தன் விலங்கைக் கவனமின்றி விட்டு மனித உயிருக்கு இடர் செய்தவனுக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதத்தின் உச்சம் 1,000 ரூபாய். 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 5,000. உயர்த்திவிட்டார்களாம்! நல்ல ராட்வைலர் குட்டி ஒன்றை அந்தத் தொகைக்கு எவனும் தரமாட்டான். சீமானுக்கு அது தண்டனையா, செலவுக் கணக்கில் இன்னொரு வரியா?

ஆகவே நான் கேட்பது இது. கொழுத்த விலைக்குச் சண்டை நாய்களைப் பெருக்கி விற்கும் வணிகத்தை அடையுங்கள். அதற்கு நான் தடை சொல்லேன். ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் பெருநாய் எதுவாயினும், பெயர் எதுவாயினும், உடைமையாளர் பெயரில் உரிமம் வேண்டும். சங்கிலியும் வாய்மூடியும் இன்றித் தெருவுக்கு வந்தால் அந்த உரிமம் போக வேண்டும். கடிபட்டவரின் மருத்துவச் செலவும், அவர் வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும் உடைமையாளரின் பணப்பையிலிருந்து வரவேண்டும். வழக்கு முடியும்வரை காத்திராமல், அந்த வாரத்திலேயே.